ஹாட்ஸ்பாட் முதலாளி

ஐரோப்பாவில் கால் வைக்கிற நிமிடத்திலிருந்து தன் கம்பெனிக்குத் தானே முதலாளி என்று தரணீதரன் முடிவு செய்தார்.

இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் கேட்கலாம். திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்தில் இருக்கிற அந்தப் பனியன் கம்பெனியின் பெயர்ப் பலகையில் அவர் பெயர்தான். லெட்டர்பேடில் அவர் பெயர்தான். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பதும் அவர்தான். ஆனால் உள்ளே போய், "இந்த லாட் எப்பப்பா முடியும்?" என்று கேட்டால், லைன் சூப்பர்வைசர் ஆரோக்கியராஜ் கையைக் கட்டிக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வான்.

"மேடத்துக்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் மொதலாளி."

தூத்துக்குடிக்காரன். மரியாதை தெரிந்தவன். முதலாளி என்று வாய் நிறையக் கூப்பிடுவான். கேட்பது மட்டும் மேடத்தை.

மேடம் என்பது தரணீதரனின் மனைவி சித்ராதேவி. எந்த மெஷினில் யார் உட்காருகிறார், அவருக்கு எந்த ஊர், அந்த ஊரில் எப்போது கோயில் கொடை, ஊருக்குப் போனால் சொன்ன நாளில் வருவாரா இல்லை வயல் வேலை முடித்துத்தான் வருவாரா, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பீகார்ப் பையன்களின் அம்மாக்களுக்குக்கூட அவள் குரல் தெரியும். அவளுக்குத் தெரிந்த இந்தி மொத்தம் ஒரு கைப்பிடி. அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவாள்.

சரி, தொழில் தெரிந்தவள் பக்கத்தில் இருப்பது நல்லதுதானே? நல்லதுதான். தரணீதரனும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், போன வருடம் வரை.

போன வருடம் நடந்தது இது. ராட்டர்டாமிலிருந்து மார்ட்டின் என்கிற பையர் வந்திருந்தார். குழந்தைகளுக்கான டீ-ஷர்ட் வாங்குகிறவர். ஆறடிக்கு மேல் உயரம், சிரித்த முகம். அன்று சித்ராதேவி ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் மார்ட்டின், "நவம்பர் முதல் வாரம் கப்பலில் ஏற்ற முடியுமா?" என்று கேட்டார். தரணீதரனுக்கு ஒரு பலவீனம். வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே எதைக் கேட்டாலும் அவர் தலை தானாக ஆடும். ஆடியது. "நோ ப்ராப்ளம்" என்று வாயும் சேர்ந்துகொண்டது.

நவம்பருக்கு முன்னால் தீபாவளி என்று ஒன்று வரும் என்பது அந்த மட்டன் சுக்காவின் முன்னால் அவருக்கு நினைவு வரவில்லை. தெற்கத்தி ஆட்கள் தெற்கே போனார்கள். பீகார் ஆட்கள் தீபாவளிக்குப் போய், அதற்கு அடுத்து வரும் சட் பூஜையையும் முடித்துவிட்டு, திரும்பி வர ரயிலில் இடம் கிடைக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். தைக்கிற மெஷின்களுக்கு உறை போட்டிருந்தது. ஃப்ளோரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்: வாட்ச்மேனும் தரணீதரனும். கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கைத் தங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினார்கள். திருப்பூரில் 'ஏர்ல போச்சு' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், கேட்கிறவர் துக்கம் விசாரிக்கிற முகத்தை வைத்துக்கொள்வார். அந்த முகத்தை ஊரே தரணீதரனுக்குக் காட்டியது.

அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. இனி எந்தப் பையரிடமும் சித்ராதேவி இல்லாமல் பேச்சு இல்லை. அவள் பக்கத்தில் உட்காருவாள், போனை எடுப்பாள், ஆரோக்கியராஜைக் கேட்பாள், தேதி சொல்வாள். அதுவரை தரணீதரன் காபி குடிக்கலாம்.

ஒரே ஒரு தப்பு. அதற்கு ஆயுள் தண்டனையா? இப்போதெல்லாம் பையர்கள் உள்ளே வந்ததும் அவருக்குக் கை கொடுப்பார்கள், உட்கார்ந்ததும் அவளைப் பார்ப்பார்கள். இது அவருக்குப் பொறுக்கவில்லை.

இந்த வருடம் மார்ட்டின் இரண்டு பேரையும் ராட்டர்டாமுக்கு வரச் சொல்லி அழைத்திருந்தார். போன வருடத்தைவிடப் பெரிய ஆர்டர். அதற்குத் தேதி சொல்லப்போவது யார் என்பதுதான் கேள்வி.

வழி காட்டியவர் நஞ்சப்பன். பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிற சிநேகிதர். பல்லடம் ரோட்டுப் பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"வெளிநாட்டுல போனுக்கு நெட்டு வாங்கோணுமல்ல மாப்ளே?"

"ஆமா. ரெண்டு பேருக்கும் சிம்மு கேட்டிருக்கறேன்."

"அங்கதான் தப்புப் பண்ற. உன்ற போனுக்கு மட்டும் வாங்கு."

"அப்ப அவ?"

"உன்ற போனுல இருந்து ஹாட்ஸ்பாட்டு குடு. நீ தொறந்தா அவளுக்கு நெட்டு. நீ மூடுனா நெட்டு இல்ல. நெட்டு இல்லீன்னா ஆரோக்கியராஜு இல்ல. ஆரோக்கியராஜு இல்லீன்னா..."

"தேதி என்ற கையில!"

தரணீதரன் எழுந்து நின்றே விட்டார். எவ்வளவு எளிமை! குழாயைத் திறக்கிற கை யாருடையதோ அவர்தானே வீட்டுக்கு எஜமான்.

அப்போது நஞ்சப்பனின் போன் அடித்தது, வீட்டிலிருந்து. "ஆமாம்மிணி... கொத்தமல்லியா, புதினாவா?... இதா வந்துட்டேன் அம்மிணி" என்று பாதி பன்னை வைத்துவிட்டு ஓடினார். தன் யோசனையை அவர் தன் வீட்டில் எப்போதாவது பயன்படுத்திப் பார்த்தாரா என்று தரணீதரன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு அறிவித்தார்.

"ஏம்புள்ள, அங்க போனா உனக்குத் தனியா நெட்டு எதுக்கு? நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான சுத்தப்போறோம். என்ற போனுல இருந்தே உனக்குக் குடுத்தர்றேன்."

"அதுஞ் செரிதானுங்க."

"உன்ற சிம்முல ரோமிங்கையும் நிறுத்திப்போடு. அது தெரியாம ஆனாகிட்டா பில்லு ஆளையே முழுங்கிப்போடும்."

"நிறுத்திப்போடறனுங்க."

மகள் தேஜஸ்ரீ கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவள் சோபாவிலிருந்து நிமிர்ந்தாள். "ஏம்ப்பா, அம்மாளுக்கும் ஒண்ணு போட்டுக்கலாமே. போன்லயே போட்டுக்கற சிம்மு இருக்குது, கடைக்குக்கூடப் போக வேண்டாம்."

"நீ கம்முனு இரு கண்ணு."

கண்ணு கம்மென்று இருந்தது. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் சித்ராதேவி எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை. மனிதன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். தரணீதரன் தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

ராட்டர்டாமில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் போன் உயிர் பெற்று டிங் டிங் என்றது. அவள் போன் கல்லாகக் கிடந்தது. அந்த ஒலியும் அந்த மௌனமும் சேர்ந்து அவர் காதில் நாதஸ்வரமாகக் கேட்டன.

"ஏனுங்க, அந்த ஹாட்ஸ்பாட்டச் சித்த போட்டு உடுங்களே. ஊருக்கு வந்து சேந்தாச்சுன்னு அம்மாளுக்குச் சொல்லோணும்."

அவர் உடனே போடவில்லை. கொஞ்சம் கண்ணாடியைத் துடைத்தார். கொஞ்சம் மழையைப் பார்த்தார். பிறகு வரம் கொடுக்கிற பாவனையில் விரலை வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பின்னாலேயே அவள் வரப்போகிறாள். விட்டு விலகினால் நெட் போய்விடுமே!

அவர் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. விலகினால் நெட் போகும் என்றால், அவள்தான் நகரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை; அவரும் நகரக் கூடாது.

மறுநாள் கடைவீதி. சித்ராதேவி குழந்தைத் துணிக் கடை ஒன்றுக்குள் போனாள். திருப்பூர்க்காரர்கள் வெளிநாட்டுக் கடையில் துணி பார்க்கிற விதமே தனி. டிசைன், நிறம் எதையும் பார்க்க மாட்டார்கள். சட்டென்று உள்பக்கம் வெளியே திருப்பி, தையலைப் பார்ப்பார்கள். பிறகு லேபிளைப் பார்ப்பார்கள். பிறகு விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவள் அந்தக் கடையில் வரிசையாக எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டிருந்தாள், ஒரு கையில் போனோடு. போனில் பொங்கலூரிலிருந்து அவள் அம்மா பெரியாத்தாள், வீடியோவில்.

"இங்க பாரும்மா, இது நம்மூருத் தையலாட்டவே இருக்குது."

தரணீதரன் கடை வாசலில் நின்றார். சலிப்பாக இருந்ததால் எதிர்ப்பக்கம் இருந்த பாலத்தைப் பார்க்க நாலு எட்டு வைத்தார்.

"ஏனுங்க! எங்கீங்க போறீங்க? அம்மா வாயத் தொறந்தவாக்குல அப்படியே நின்னுபோச்சு!"

நாலு எட்டு திரும்பி வந்தார். அம்மா அசைந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க... ஆங், அங்கயே நில்லுங்க. அசையாதீங்க."

அவர் நின்ற இடத்துக்கு மேலே கூரை இல்லை. பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குள் பெண்களின் உள்ளாடை அணிந்த பொம்மைகள் வரிசையாக நின்றன. அதற்கு முன்னால், கொட்டுகிற மழையில், கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அருள்புரத்து எக்ஸ்போர்ட்டர் ஒருவர் சிலையாக நின்றார். போவோர் வருவோர் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒரு பாட்டி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பொங்கலூரில் அன்றைக்குப் பார்த்து மாடு கன்று போட்டிருந்தது. கன்று எழுந்து நிற்க முயன்றது, விழுந்தது, மறுபடி முயன்றது. அது அத்தனையும் நேரலையில், தரணீதரனின் டேட்டாவில்.

"மாப்ள நல்லா இருக்கறாரா?" என்று மாமியார் கேட்பது கேட்டது.

"இருக்கறாரும்மா. வெளிய நிக்கறாரு."

ஹாட்ஸ்பாட் போட்டால் பேட்டரி கரையும் என்பதை நஞ்சப்பன் சொல்லவில்லை. மதியத்துக்கெல்லாம் போன் சிவப்புக் கோட்டைக் காட்டியது. சித்ராதேவி கைப்பையைத் திறந்து பவர் பேங்கை எடுத்தாள். கேபிளின் ஒரு முனையை அவர் போனில் சொருகினாள். மறுமுனை அவள் கைப்பைக்குள் இருந்தது. கைப்பை அவள் தோளில் இருந்தது. இப்படியாக ஒரு முழ வயரில் கட்டப்பட்டு, ராட்டர்டாம் வீதிகளில் தரணீதரன் அவள் பின்னால் நடந்தார். கன்றுக்குட்டிகூட அந்நேரத்துக்கு அவிழ்த்துவிடப்பட்டிருந்தது.

"யாரு முதலாளி இங்க?" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மனதுக்குள்தான்.

சாயங்காலம் ஒரு வாய்ப்பு வந்தது. அவள் ஒரு சீஸ் கடையில் வரிசையில் நின்றாள். மார்ட்டினின் ஆபீஸ் அடுத்த தெருவில் இருப்பது மேப்பில் தெரிந்தது. மீட்டிங் நாளைக்குத்தான். ஆனாலும் இப்போதே தனியாகப் போய், ஒரு காபி குடித்து, ஆம்பளைக்கு ஆம்பளை தேதியைப் பேசி முடித்துவிட்டால்? வயரை நைசாகக் கழற்றினார். போனைப் பைக்குள் போட்டார். தெருமுனை திரும்பியிருப்பார், போன் அடித்தது. வாட்ஸ்அப் கால்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"எங்கியும் போகலியே. இங்கதான் நிக்கறேன்."

"அங்கயே நில்லுங்க. வர்றேன்."

இவளுக்கு முதுகிலும் கண் இருக்கிறதா என்று கொதித்தார். கடைக்கு வெளியே எத்தனை கண்ணாடி ஜன்னல்கள், அதில் ஏதோ ஒன்றில் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மற்றபடி அந்த நேரத்தில் அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கோபம் இடம் கொடுக்கவில்லை.

பரவாயில்லை. நாளைக்கு இருக்கிறது.

மறுநாள் மார்ட்டினின் ஆபீஸ் லிஃப்ட்டில் ஏறியதும் தரணீதரன் பைக்குள் கையை விட்டார். நேற்று இரவு பழகிப் பார்த்திருந்தார். பார்க்காமலேயே விரல் அந்த இடத்துக்குப் போனது. ஹாட்ஸ்பாட் அணைந்தது. சித்ராதேவி தன் போனைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாவம், இன்னும் தெரியவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

மார்ட்டின் கதவு வரை வந்து வரவேற்றார். சித்ராதேவி ஊரிலிருந்து கொண்டுவந்த கச்சாயத்தை டப்பாவோடு மேஜைமேல் வைத்தாள். வெல்லமும் அரிசிமாவும் எண்ணெயில் வெந்த அந்த வட்டத்தை மார்ட்டின் ஒன்று எடுத்தார், இரண்டு எடுத்தார், விரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி, மிஸ்டர் தரணி. நவம்பர் முதல் வாரம் ஏற்றிவிட முடியுமா?"

அதே கேள்வி. அதே சிரிப்பு.

தரணீதரன் ஓரக்கண்ணால் பார்த்தார். சித்ராதேவி மடியில் இருந்த போனில் ஏதோ தட்டினாள். தட்டு தாயே, தட்டு. கல்லைத் தட்டினால் கஞ்சியா வரும்? அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"முடியும்" என்றார் தரணீதரன். அறை முழுக்கக் கேட்டது. "நோ ப்ராப்ளம்!"

மார்ட்டின் சித்ராதேவியைப் பார்த்தார். அவள் புன்னகையோடு கச்சாய டப்பாவை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். மார்ட்டின் சிரித்தார். "வெரி குட்! வெரி குட்!" என்று எழுந்து தரணீதரனின் கையைப் பிடித்து, தோள் கழன்றுவிடும்படி குலுக்கினார்.

ஆஹா! ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு தேதி. கேட்டுச் சொல்கிறேன் இல்லை, பார்த்துச் சொல்கிறேன் இல்லை. தீபாவளி இந்த வருடமும் வரும் என்பது ஒரு மூலையில் உறுத்தியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலாளி என்றால் சில சமயம் துணிந்துதான் ஆக வேண்டும்.

அவள் கைகழுவப் போயிருந்த இடைவெளியில், வராந்தாவில் நின்று நஞ்சப்பனுக்கு அவசரமாக ஒரு செய்தி தட்டினார். 'இன்னைக்கு நாந்தான் மொதலாளி.' அனுப்பினார். போகவில்லை. பக்கத்தில் சின்னக் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே வேறொரு செய்தி வந்து நின்றிருந்தது. அவருடைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டதாம். கன்றுக்குட்டி!

மார்ட்டின் லிஃப்ட் வரை வழியனுப்ப வந்தார்.

"உங்கள் மனைவியின் பிளான் பிரமாதம்" என்றார். "பாதிச் சரக்கு அக்டோபர் நடுவில், மீதி நவம்பர் முப்பது. உங்கள் பண்டிகைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மீட்டிங் நடக்கும்போதே சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டதையும் அனுப்பிவிட்டார். நானும் கன்ஃபர்ம் செய்துவிட்டேன்."

தரணீதரன் லிஃப்ட் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "ஆனால்... நான் நவம்பர் முதல் வாரம் என்று..."

"ஆமாம், ஆமாம்." மார்ட்டின் அவர் தோளில் அன்போடு தட்டினார். "நேற்றே போனில் சொன்னார். என் கணவர் நவம்பர் முதல் வாரம் என்பார், தயவுசெய்து சொல்ல விடுங்கள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று."

லிஃப்ட் கதவு மூடியது. தெருவில் இறங்கியதும் வெடித்தார்.

"உனக்கு நெட்டு ஏது?"

"தேஜு போட்டுக் குடுத்தாளுங்க. நீங்க அவளக் கம்முனு இருன்னு சொன்னீங்கல்ல, அன்னைக்கே. போனுக்குள்ளயே இருக்கற சிம்முங்களாம். வந்து எறங்கி உங்க ஹாட்ஸ்பாட்டு கெடச்சதும் அதுவும் ஆனாயிருச்சு."

"அப்ப நேத்து முழுக்க எதுக்கு என்ற ஹாட்ஸ்பாட்டு? நடுரோட்டுல, மழையில, அந்தப் பொம்மைகளுக்கு முன்னால என்னய நிக்க வெச்சியே, எதுக்கு?"

"அதுங்களா?" அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். "மேல இந்த எடத்துல உங்க ஹாட்ஸ்பாட்டு சிக்னலு வளைவு வளைவா நிக்குமுங்க. மூணும் முழுசா இருந்தா நீங்க பக்கத்துல இருக்கறீங்க. ஒண்ணு கொறஞ்சா எங்கியோ கெளம்பீட்டீங்க. போன வருசமாட்ட நீங்க தனியாத் தேதி சொல்லிப்போட்டா, நானு சரக்க ஏரோப்ளேனுல அனுப்பப் பொட்டி கட்டோணுமல்ல? நேத்து சீஸ் கடையில வரிசையில நிக்கறப்பப் பாத்தனுங்க. மூணு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு."

இதற்கு மேல் ஒரு மனிதன் நின்று கேட்கலாமா? தரணீதரன் திரும்பினார். வலப்பக்கமாக விறுவிறுவென்று நடந்தார். தன்மானத்தோடு நடந்தார். ஒரு பாலம் வந்தது. இன்னொரு பாலம் வந்தது. அதுவும் முதல் பாலம் போலவே இருந்தது. ஓட்டல் எந்தப் பக்கம்? மேப்பைத் திறந்தார். வெள்ளையாக ஒரு கட்டம் வந்து நின்றது. மழை வலுத்தது. அதே உள்ளாடைக் கடை மறுபடி எதிரில் வந்தது. பொம்மைகள் அவரை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது.

வந்த வழியே திரும்பினார். சித்ராதேவி அதே இடத்தில், கூரைக்குக் கீழே, குடையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏம்புள்ள... அந்த ஹாட்ஸ்பாட்டச் சித்த போடு."

"போட்டுத்தானுங்க வெச்சிருக்கறேன். பாஸ்வேர்டு போடுங்க."

"என்ன பாஸ்வேர்டு?"

"நவம்பர் முப்பது. இங்கிலீஷுல, சின்ன எழுத்துல. தேதி மறந்துபோகக் கூடாதல்லீங்க?"

ஈர விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். மூன்று வளைவும் முழுசாக வந்து நின்றன. அதற்காகவே காத்திருந்த மாதிரி, வராந்தாவில் நின்றுபோன அந்தச் செய்தி அவள் நெட்டில் ஏறி நஞ்சப்பனிடம் போய்ச் சேர்ந்தது.

'இன்னைக்கு நாந்தான் மொதலாளி.'